ஸ்பேலரைட்டுக்குள் சிறு உலோகங்கள்: எங்கே இருக்கின்றன, எப்படி அளப்பது, எங்கே ஏமாறுவோம்

துத்தநாகத் தாதுவின் ஆய்வறிக்கையில் "ஜெர்மானியம் 120 பிபிஎம்" (பத்து லட்சத்தில் 120 பங்கு) என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் டன் கணக்கில் பெருக்கிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த ஜெர்மானியம் எந்தக் கனிமத்தில், என்ன வடிவில் இருக்கிறது என்பது தெரியாதவரை அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. துத்தநாகக் கனிமமான ஸ்பேலரைட்டின் படிகக் கூட்டுக்குள் துத்தநாக அணுவின் இடத்தில் அது உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நைசாக அரைத்தாலும் பிரியாது. துத்தநாகம் போகும் இடமெல்லாம் கூடவே போகும். தனிக் கனிமத் துகளாக இருந்தால் அரைவையில் விடுபட வாய்ப்பு உண்டு, நுரைமிதப்பில் (அரைத்த தாதுவை நுரையில் ஒட்ட வைத்துப் பிரிக்கும் முறை) வேறு பக்கம் திருப்பிவிடவும் முடியும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்கள். சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாது, அரைவைக்கும் அகப்படாது. சுரங்கக்காரருக்கு அது படிகக் கூட்டுக்குள் இருப்பதும் ஒன்றுதான், புவியியலாளருக்கு அப்படியில்லை.

ஸ்பேலரைட் என்பது துத்தநாக சல்ஃபைடு. தூய நிலையில் 67.1 சதவீதம் துத்தநாகம், மீதி கந்தகம். ஒவ்வொரு துத்தநாக அணுவையும் நான்கு கந்தக அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்திருக்கும். அந்த இடத்தில் துத்தநாக அயனியின் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம், மின்சுமை பிளஸ் 2. இதே சுமையும் ஏறக்குறைய இதே அளவும் உள்ள அயனிகள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும்: இரும்பு 0.63, கோபால்ட் 0.58, மாங்கனீசு 0.66. காட்மியம் 0.78, கொஞ்சம் பெரியதுதான். ஆனாலும் பிணைப்பின் தன்மை துத்தநாகத்தை ஒத்திருப்பதால் ஆயிரத்தில் சில பங்கு காட்மியம் பெரும்பாலான ஸ்பேலரைட்டில் இருக்கும். பாதரசமும் இதே வழியில் நுழைகிறது. ஈயத்துக்கு 0.98 ஆங்ஸ்ட்ராம். அதற்கு உள்ளே இடமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்பேலரைட் பகுப்பாய்வில் நூற்றுக்கணக்கான பிபிஎம் ஈயம் வந்தால் முதலில் கலீனாத் (ஈய சல்ஃபைடு) துகளைத் தேடுங்கள். பிஸ்மத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரும்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது சிறு உலோகம் (துளியளவில் மட்டும் வருவது) அல்ல, ஆனால் மற்ற எல்லாவற்றையும் அதுதான் ஆட்டி வைக்கிறது. ஸ்பேலரைட்டில் எடையில் 10 சதவீதம் இரும்பு படிகக் கூட்டுக்குள் இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அந்தக் கனிமத்தில் துத்தநாகம் 56.5 சதவீதம்தான். அதாவது, துளி பைரைட்டும் துளி குவார்ட்ஸும் இல்லாத கனவு கான்சன்ட்ரேட்டை (நுரைமிதப்பில் கிடைக்கும் செறிந்த தாதுத்தூள்) தயாரித்தாலும் 56.5-ஐத் தாண்ட முடியாது. ஆலையில் 51, 52 வருகிறதே, ஏன் 60 வரவில்லை என்று வினைப்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் பத்து துகளை மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றையால் நுண்ணிய இடத்தை அளக்கும் கருவி) வைத்து இரும்பை அளந்துவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம். மதிப்பு மிக்க தகவல் இது, ஆனால் பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

இண்டியம், காலியம், ஜெர்மானியம் மூன்றின் விஷயம் வேறு. அளவு ஒருபுறம் இருக்க, இவற்றின் சுமை பொருந்தாது. இண்டியம் பிளஸ் 3, காலியம் பிளஸ் 3, ஜெர்மானியம் பெரும்பாலும் பிளஸ் 4. பிளஸ் 2 இருந்த இடத்தில் பிளஸ் 3 வந்தால் எங்காவது ஒன்று குறைந்தாக வேண்டும். அதனால் இவை துணையோடுதான் வரும். ஒரு செம்பு அயனியும் (பிளஸ் 1) ஒரு இண்டியமும் சேர்ந்து இரண்டு துத்தநாகத்தின் இடத்தைப் பிடிக்கும். இரண்டு செம்பும் ஒரு ஜெர்மானியமும் சேர்ந்து மூன்று துத்தநாகத்தின் இடத்தைப் பிடிக்கும். செம்பு போதாத இடத்தில் வெள்ளி அந்த வேலையைச் செய்யும். ஒற்றைச் சுமை அயனி எதுவுமே கிடைக்காத சூழலில், இரண்டு துத்தநாகத்துக்குப் பதிலாக ஒரு ஜெர்மானியமும் ஒரு காலி இடமும் உருவாகலாம்.

இதை வைத்து ஒரு எளிய சோதனை செய்யலாம். பிபிஎம் எண்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள். அணு எடையால் வகுத்த பிறகு ஒப்பிடுங்கள். இண்டியம் 1000 பிபிஎம் என்றால், 114.8-ஆல் வகுக்க, கிராமுக்கு 8.71 மைக்ரோமோல். அதற்கு அதே அளவு மோல் செம்பு வேண்டும்: 8.71-ஐ 63.55-ஆல் பெருக்கினால் 553 பிபிஎம். ஜெர்மானியம் 100 பிபிஎம் என்றால் 1.38 மைக்ரோமோல், இரட்டிப்புச் செம்பு தேவை, ஆகவே 175 பிபிஎம். உங்கள் புள்ளிகளை மோல் கணக்கில் வரைபடமாகப் போட்டால் இண்டியம்–செம்பு 1:1 கோட்டிலும், ஜெர்மானியம்–செம்பு 1:2 கோட்டிலும் நெருங்கி நிற்க வேண்டும். கோட்டுக்கு மேலே செம்பு மட்டும் எகிறிய புள்ளிகள் என்றால் சால்கோபைரைட் (செம்பு–இரும்பு சல்ஃபைடு) துகளைச் சந்தேகியுங்கள். செம்பு குறைவாகவும் ஜெர்மானியம் அதிகமாகவும் நிற்கும் புள்ளிகள் என்றால் வெள்ளியைச் சேர்த்துப் பாருங்கள்; அதற்கும் கணக்கு நேராகவில்லை என்றால்தான் காலி இடத்தைப் பற்றிப் பேசலாம். ஒரே துகளில் இண்டியமும் ஜெர்மானியமும் வெள்ளீயமும் சேர்ந்திருந்தால், அவற்றின் கூடுதல் சுமைகளையெல்லாம் கூட்டி ஒரு பக்கமும், செம்பையும் வெள்ளியையும் கூட்டி இன்னொரு பக்கமும் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது: கோட்டில் புள்ளிகள் அழகாக நிற்பதே படிகக் கூட்டுக்குள் இருப்பதற்குச் சான்று ஆகிவிடாது. செம்பு–இண்டியம் சல்ஃபைடான ரோக்சைட் என்ற கனிமத்திலும் விகிதம் 1:1 தான். அதன் நானோ துகள்கள் சீராகத் தூவியிருந்தாலும் இதே கோடு கிடைக்கும்.

எந்தத் தாதுவில் எதை எதிர்பார்ப்பது என்பதற்கு வெப்பநிலை நல்ல வழிகாட்டி. சுண்ணாம்புப் பாறைகளில் தாழ்ந்த வெப்பத்தில் படிந்த, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு வகை எனப்படும் தாதுக்களில் இரும்பு குறைவு. ஜெர்மானியம், காட்மியம், சில இடங்களில் காலியம் அதிகம். பிரான்சின் செயின்ட்-சால்வியும் மெக்சிகோவின் ட்ரெஸ் மரியாஸும் ஜெர்மானியத்துக்குப் பேர் பெற்றவை. கிரானைட்டோடு தொடர்புடைய, சூடான திரவத்தில் படிந்த தாதுக்களில் இரும்பு, மாங்கனீசு, இண்டியம் ஏறும். ஜப்பானின் டோயோஹா இண்டியத்துக்கு எடுத்துக்காட்டு. இவற்றில் சில உலோகங்கள் உலகுக்குத் தெரிய வந்ததே துத்தநாகக் கனிமங்கள் வழியாகத்தான்: 1817-இல் ஸ்ட்ரோமையர் துத்தநாக கார்பனேட்டில் காட்மியத்தைக் கண்டார், 1863-இல் ஃப்ரைபர்க்கில் ரைஷும் ரிக்டரும் ஸ்பேலரைட் தாதுவில் இண்டியத்தின் நீல வரியைக் கண்டார்கள், 1875-இல் லெக்கோக் த புவாபோத்ரான் பிரெனீஸ் மலையின் ஸ்பேலரைட்டில் காலியத்தைப் பிடித்தார்.

பிறகு உருமாற்றம். தாது மீண்டும் சூடாகி, அழுத்தப்பட்டு, ஸ்பேலரைட் மறுபடிகமாகும்போது கூட்டுக்குள் இருந்த ஜெர்மானியம் வெளியே தள்ளப்பட்டுத் தனக்கென்று கனிமம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். பிரெனீஸில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட தாதுவில் ஸ்பேலரைட்டை மட்டும் அளந்தால் "ஜெர்மானியம் இல்லை" என்று வரும். மொத்தப் பகுப்பாய்வில் இருக்கும். முரண்பாடு இல்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி அளக்கும் வேலை. கான்சன்ட்ரேட்டை ரெசினில் ஊற்றிக் கட்டியாக்கும்போது கனமானவை அடியில் இறங்கிவிடும். கலீனா 7.5, ஸ்பேலரைட் 4, குவார்ட்ஸ் 2.65 அடர்த்தி, இறுகுவதற்குள் பிரிந்துவிடும். அடிப்பரப்பை அப்படியே மெருகேற்றினால் கலீனா நிறைந்த பொய்ப் படம் கிடைக்கும். கட்டியைச் செங்குத்தாக அறுத்து, அறுத்த முகத்தை மேலே திருப்பி மறுபடி பதித்து மெருகேற்றுங்கள். கடைசி மெருகு 1 மைக்ரான் வைரத்தில் முடியட்டும். ஈயத் தகட்டில் மெருகேற்றினால் கீறல்களில் ஈயம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிருங்கள்.

கருவிக்குப் போவதற்கு முன் நுண்ணோக்கியில் நேரம் செலவிட வேண்டும். இதில் அவசரப்படுபவர்கள்தான் பிறகு எண்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். எதிரொளியில் ஸ்பேலரைட் சாம்பல் நிறம். துருவகங்களைக் குறுக்கே வைத்தால் உள்ளிருந்து மஞ்சள், செம்பழுப்பு ஒளி தெரியும். இரும்பு கூடினால் அந்த ஒளி மங்கும். இருபுறமும் மெருகேற்றிய 100 மைக்ரான் தகட்டை ஊடொளியில் பார்த்தால் வளர்ச்சிப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். இரும்பு குறைந்த ஸ்பேலரைட்டில் ஒரு பட்டை வெளிறியும் அடுத்தது அடர் பழுப்பாகவும் இருக்கும். ஜெர்மானியம் அந்த இரண்டில் ஒன்றில் பல மடங்கு கூடுதலாக இருப்பது சாதாரணம். பட்டைகளைக் குறித்துக்கொள்ளாமல் கண்ட இடத்தில் அளவிடும் லேசரை வைத்தால், ஒரே துகளில் 20-உம் 900-உம் வந்து, கருவி பழுதோ என்று குழம்ப நேரிடும்.

சால்கோபைரைட் புள்ளிகளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்பேலரைட்டுக்குள் ஒரு மைக்ரானுக்குக் கீழிருந்து சில பத்து மைக்ரான் வரை மஞ்சள் புள்ளிகளாக, பல சமயம் இரட்டைப் படிகத் தளங்களை ஒட்டி வரிசையாக இருக்கும். கூட்டுக்குள் கரைந்திருந்த செம்பு குளிர்ந்ததும் பிரிந்து வந்தது என்ற பழைய விளக்கம் இன்னும் சில வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பேலரைட்டில் அவ்வளவு செம்பு கரையாது என்பது சோதனைகளில் தெரிந்த பிறகு, செம்பு சுமந்த திரவம் பின்னால் வந்து இரும்புள்ள ஸ்பேலரைட்டை அரித்து உருவாக்கியது என்ற விளக்கமே பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துகிறது. ஆலைக்கு இதன் விளைவு: இந்தப் புள்ளிகளை அரைத்துப் பிரிப்பது நடைமுறையில் முடியாது, அரைவையில் மேற்பரப்புக்கு வரும் புள்ளிகளும் அவற்றிலிருந்து கசியும் செம்பும் ஸ்பேலரைட்டைத் தூண்டிவிட, அது செம்பை மிதக்கவிடும் சுற்றிலேயே மிதந்து போய்விடும்.

மைக்ரோபுரோப் ஒரு மைக்ரான் அளவு இடத்தை அளக்கும். இரும்பு, காட்மியம், மாங்கனீசுக்கு அருமையான கருவி. நூறு பிபிஎம்முக்குக் கீழே அதை நம்ப வேண்டாம். இண்டியத்தை இதில் அளப்பவர்கள் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இண்டியத்தின் எல்-ஆல்ஃபா எக்ஸ்-கதிர்க் கோடு 3.287 கிலோ எலக்ட்ரான்வோல்ட், காட்மியத்தின் எல்-பீட்டா 3.317. இரண்டும் ஒட்டி நிற்கின்றன. காட்மியம் எல்லா ஸ்பேலரைட்டிலும் இருப்பதால் இல்லாத இண்டியம் எல்லா ஸ்பேலரைட்டிலும் தெரியும். இண்டியமே இல்லாத காட்மியம் தரப்பொருளை (அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) வைத்து, காட்மியம் எவ்வளவு பொய் இண்டியத்தைக் காட்டுகிறது என்று அளந்து கழித்த பிறகே எண்ணை எழுதுங்கள்.

பிபிஎம் அளவுக்கு லேசர் ஐசிபி-எம்எஸ் (லேசரால் தோண்டியதை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி) தான் வழி. கண்ணாடித் தரப்பொருளை மட்டும் வைத்துச் சல்ஃபைடை அளப்பது சரிவராது. துத்தநாகம், காட்மியம் போல எளிதில் ஆவியாகும் தனிமங்கள் கண்ணாடியில் நடப்பது போல சல்ஃபைடில் நடப்பதில்லை. மாஸ்-1 போன்ற சல்ஃபைடு தரப்பொருளும் கூடவே இருக்க வேண்டும். உள் தரமாக (மற்ற எண்களைக் கணக்கிட அடிப்படையாகும் தனிமம்) துத்தநாகத்தையோ இரும்பையோ எடுத்தால், அதன் அளவை அதே இடத்தில் மைக்ரோபுரோபில் அளந்து வையுங்கள். எல்லாத் துகளுக்கும் 67 சதவீதம் என்று போட்டுவிட்டால், இரும்பு 10 சதவீதம் உள்ள துகளில் மற்ற எல்லா எண்களும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்து நிற்கும்.

ஐசோடோப் தேர்வில்தான் பெரும்பாலான தவறுகள் நுழைகின்றன. வெள்ளிக்கு நிறை எண் 107-ஐ எடுக்காதீர்கள். துத்தநாகம்-67 கருவியில் ஓடும் ஆர்கான்-40 வாயுவோடு சேர்ந்தால் அதே 107. வெள்ளி-109 பாதுகாப்பானது. ஜெர்மானியம்-70-இல் துத்தநாகம்-70 நேராக உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அது உதவாது. ஜெர்மானியம்-72-இல் இரும்பு-56-இன் ஆக்சைடு விழும். இரும்பு 10 சதவீதமாக இருந்து, பத்தாயிரத்தில் ஒரு இரும்பு அயனி ஆக்சைடாக மாறினாலே 40 பிபிஎம்முக்கு மேல் பொய் ஜெர்மானியம் வந்துவிடும். ஜெர்மானியம்-74-இல் அதே நிலையில் 0.1 பிபிஎம் தான். அங்கே செலினியம்-74 மட்டும் தொந்தரவு. இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள்: 72 கூடி நின்றால் இரும்பு, 74 கூடி நின்றால் செலினியம். இண்டியம்-115-இல் வெள்ளீயம்-115 விழும். அதன் பங்கு வெள்ளீயத்தில் 0.34 சதவீதம்தான், ஆனாலும் வெள்ளீயம் 1000 பிபிஎம் உள்ள இடத்தில் சுமார் 3.5 பிபிஎம் இண்டியம் இல்லாமலே தெரியும். இண்டியம் நூற்றுக்கணக்கில் உள்ள தாதுவுக்கு இது பொருட்டே இல்லை. ஒற்றை இலக்கத்தில் பேசும்போது எல்லாமே இதுதான்.

லேசர் தோண்டிக்கொண்டே போகும்போது வரும் வரைகோட்டை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள், மென்பொருள் தரும் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். துத்தநாகமும் காட்மியமும் சமமாக ஓட, ஜெர்மானியமும் அவற்றோடு சமமாக ஓடினால் அது கூட்டுக்குள் இருக்கலாம். ஈயம், பிஸ்மத், வெள்ளி ஒன்றாகத் துள்ளினால் கலீனா. செம்பு, ஆன்டிமனி, ஆர்செனிக், வெள்ளி ஒன்றாகத் துள்ளினால் டெட்ராஹெட்ரைட் என்ற செம்புக் கனிமக் குடும்பம். வெள்ளீயமும் செம்பும் துள்ளினால் ஸ்டானைட் என்ற வெள்ளீயக் கனிமம். 40 மைக்ரான் அகலம், 20 மைக்ரான் ஆழக் குழியில் 2 மைக்ரான் சால்கோபைரைட் உருண்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் சராசரிச் செம்பில் சுமார் 60 பிபிஎம் கூடிவிடும். மேலே சொன்ன மோல் விகிதச் சோதனையைக் கெடுக்க அதுவே போதும். துள்ளல் உள்ள பகுதியை வெட்டிவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள். வெட்டியதையும் தனியாகக் குறித்து வையுங்கள், துகள் எது என்று சொல்லப்போவது அதுதான்.

சமக்கோட்டுக்கும் எல்லை உண்டு. ஒரு துடிப்பு 0.1 மைக்ரான் தோண்டினால், வினாடிக்கு 5 துடிப்பில், 1 மைக்ரான் துகள் இரண்டு வினாடி கடக்கும்; துள்ளல் தெரியும். 50 நானோமீட்டர் துகள் 0.1 வினாடியில் போய்விடும், குழிக்குள் ஒரே நேரத்தில் பல நூறு இருந்தால் கோடு சமமாகவே ஓடும். இதைத் தீர்க்க ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியோ அணுமுனைப் படமாக்கலோ வேண்டும். எல்லாத் தாதுவுக்கும் அது தேவைப்படாது. பிரித்தெடுக்க முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் ஒரு மைக்ரானுக்குக் கீழே எல்லாம் ஒரே பதில்தான்.

மொத்தப் பகுப்பாய்வுக்கு வருவோம். ஸ்பேலரைட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் திறந்த பீக்கரில் சூடாக்கிக் கரைத்தால் ஜெர்மானியம் டெட்ராகுளோரைடாகப் பறந்துவிடும். அதன் கொதிநிலை சுமார் 84 டிகிரி செல்சியஸ். கூடவே நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பும். ராஜதிராவகத்திலும் குளோரைடு இருப்பதால் அதே இழப்பு. மூடிய டெஃப்லான் கலனில் நைட்ரிக், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலக் கலவையில் கரைப்பதே நம்பகமானது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உள்ள மேசையில் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கை எட்டும் தூரத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. நைட்ரிக் அமிலத்தில் வேகமாகச் சூடேற்றினால் கந்தகம் உருண்டையாகத் திரண்டு தாதுத் துகளை மூடிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் ஓர் இரவு வைத்துவிட்டு மெல்ல ஏற்றுங்கள்.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கலாம். கான்சன்ட்ரேட்டில் துத்தநாகம் 50 சதவீதம், ஸ்பேலரைட்டில் 56.5. வகுத்தால் கான்சன்ட்ரேட்டில் 88.5 சதவீதம் ஸ்பேலரைட். ஸ்பேலரைட்டில் ஜெர்மானியம் சராசரி 100 பிபிஎம் என்றால் கான்சன்ட்ரேட்டில் 88 பிபிஎம் அதிலிருந்து வருகிறது. மொத்தப் பகுப்பாய்வு 120 சொன்னால் 32 பிபிஎம் வேறெங்கோ இருக்கிறது. தேட வேண்டிய அளவு அது. மாறாக, ஸ்பேலரைட் கணக்கு மட்டும் 150-ஐத் தொட்டால், லேசர் புள்ளிகள் செறிந்த பட்டைகளிலேயே விழுந்திருக்கின்றன என்று பொருள். ஒரு மாதிரிக்கு முப்பது புள்ளிகளாவது பல துகள்களில் பரவியிருக்கட்டும். எண்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் நீண்ட வாலோடு பரவும். தாதுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட நடுஎண்ணைப் பயன்படுத்துங்கள். மேலே செய்தது போன்ற நிறைக் கணக்குக்கு மட்டும் கூட்டுச் சராசரி வேண்டும், அதுவும் பட்டைகளின் பரப்புக்கு ஏற்ப எடை கொடுத்து.

உருக்காலைக்குப் போனதும் கூட்டுக்குள் இருந்தவை ஒவ்வொன்றும் தன் வழியில் பிரிகின்றன. 900 முதல் 950 டிகிரியில் வறுக்கும்போது பாதரசம் வாயுவோடு போகும். கந்தக அமிலம் தயாரிக்கும் முன் அதைப் பிடித்தாக வேண்டும். இரும்பு துத்தநாகத்தோடு சேர்ந்து ஃபெர்ரைட் ஆகும்: ஒரு கிலோ இரும்பு 0.585 கிலோ துத்தநாகத்தைக் கட்டிப்போடும், மெல்லிய அமிலத்தில் அது கரையாது. காட்மியம் கரைந்து வந்து துத்தநாகத் தூளில் எளிதாக வீழும். கோபால்ட் அவ்வளவு எளிதில் வீழாது. சூடும், ஆன்டிமனி அல்லது ஆர்செனிக் துணையும் வேண்டும். ஜெர்மானியம் மின்பகுப்புக் கரைசலில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தங்கினாலே ஆபத்து: எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் கிளம்பி, படிந்த துத்தநாகம் மறுபடி கரையும். இண்டியம் ஃபெர்ரைட்டோடு எச்சத்தில் தங்கும். அந்த எச்சத்தைச் சூடான அமிலத்தில் கரைத்து இரும்பை ஜாரோசைட்டாக (இரும்பு சல்ஃபேட் வகைப் படிவு) வீழ்த்தினால் இண்டியத்தின் பெரும்பகுதியும் அதில் சிக்கிக் கழிவுக் குளத்துக்குப் போய்விடும். இண்டியம் வேண்டும் என்றால் இரும்பை வீழ்த்துவதற்கு முன்பே, ஃபெர்ரிக் இரும்பை ஃபெர்ரஸாக ஒடுக்கிவிட்டு, கரைப்பான் பிரித்தெடுப்பில் அதை எடுத்தாக வேண்டும்.